பழைய 486 கம்ப்யூட்டரிலிருந்து 6 கோடி பைட்டை வெளியே எடுக்க எவ்வளவு நேரம்? வேகக் கணக்கில் குழப்பம்

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 9:10

வணக்கம். சித்தப்பா அச்சகம் நடத்திய காலத்து 486 ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து கரண்ட் கொடுத்தால் டாஸ் 6.22 இயங்குதளம் ஜம்மென்று எழுந்துவிட்டது. உள்ளே ஃபாக்ஸ்ப்ரோ (தரவுத்தள நிரல்) கணக்கு, கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் என்று கோத்து வைத்த பக்கங்கள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 6 கோடி பைட். ஹார்ட் டிஸ்க் இப்போதே ஒரு மாதிரி முனகுகிறது. அது படுப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

பெட்டியில் இருப்பவை: 1.44 ஃப்ளாப்பி, இரண்டு சீரியல் போர்ட், ஒரு பாரலல் போர்ட், 4எக்ஸ் சிடி ட்ரைவ் (படிக்க மட்டும்). ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) லேன் கார்டு ஒன்று நண்பரிடம் கிடைக்கும்.

ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அளவில் வேகம் சொல்கிறார்கள். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எல்லாவற்றையும் எட்டால் வகுத்தேன் (வேகமெல்லாம் வினாடிக்கு, நேரம் 6 கோடி பைட்டுக்கு):

ஃப்ளாப்பி: 500 கிலோபிட் → 62,500 பைட் → 16 நிமிடம்
சீரியல்: 1,15,200 பிட் → 14,400 பைட் → 1 மணி 9 நிமிடம்
லேன்: 10 மெகாபிட் → 12,50,000 பைட் → 48 வினாடி
சிடி: 4எக்ஸ் → ???

சரிதானா?

சீரியல்_செல்வி | வெள்ளி, இரவு 9:42

தம்பி, வகுத்ததெல்லாம் சரி. ஆனால் இதில் ஒரு வரிகூட நடக்காது. :)

சீரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,15,200 என்பது கம்பியில் ஒரு வினாடிக்கு ஓடும் பிட். உங்கள் கோப்பின் பிட் அல்ல. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு ஸ்டார்ட் பிட், பின்னால் ஒரு ஸ்டாப் பிட் போகும். 8-என்-1 (8 தரவு பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்) என்று செட்டிங் வைத்தால் ஒரு பைட்டுக்குப் பத்து பிட். பாரிட்டியும் (பிழை பார்க்கும் பிட்) வைத்தால் பதினொன்று. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும்: 11,520 பைட். 6 கோடிக்கு 5,208 வினாடி, அதாவது 1 மணி 27 நிமிடம். எட்டால் வகுத்ததில் பதினேழு நிமிடத்தைத் தொலைத்துவிட்டீர்கள்.

அந்த விசித்திரமான 1,15,200 எங்கிருந்து வந்தது என்றால், போர்ட்டின் கிரிஸ்டல் 18,43,200 ஹெர்ட்ஸ். சிப் அதைப் பதினாறால் வகுக்கும். அதற்கு மேல் நாம் கொடுக்கும் எண்ணால் இன்னொரு முறை வகுக்கும். 12 கொடுத்தால் 9,600, 1 கொடுத்தால் 1,15,200. அதற்கு மேலே இடமில்லை.

இன்னொன்று, எம்எஸ்டி (டாஸோடு வரும் சோதனை நிரல்) கட்டளை போட்டு சீரியல் போர்ட்டில் எந்த சிப் என்று பாருங்கள். 8250 அல்லது 16450 என்றால் வந்த பைட்டை வைக்க ஒரே ஒரு இடம்தான். அடுத்த பைட் 87 மைக்ரோவினாடியில் வந்து நிற்கும். அதற்குள் சிபியு எடுக்கவில்லை என்றால் முந்தையது போச்சு. 16550ஏ என்றால் 16 பைட் வரை வரிசையில் நிறுத்தி வைக்கும், நிம்மதி.

1024_தான் | வெள்ளி, இரவு 10:05

எல்லாரும் 1024-ஐ மறந்துட்டீங்க. 500 கிலோபிட்னா 500 × 1024 = 5,12,000. 10 மெகாபிட்னா 10 × 1024 × 1024. கம்ப்யூட்டர்ல எல்லாமே ரெண்டின் அடுக்குதான். ஆயிரத்தால கணக்குப் போடறது ஹார்ட் டிஸ்க் விக்கறவன் கண்டுபிடிச்ச ஏமாத்து வேலை.

ஏட்டுச்சுரைக்காய் | வெள்ளி, இரவு 10:31

> கம்ப்யூட்டர்ல எல்லாமே ரெண்டின் அடுக்குதான்

நினைவகம் மட்டும்தான். அங்கே ஒரு முகவரிக் கம்பி கூடினால் இடம் இரட்டிக்கும், அதனால் 1,024 தானாக வருகிறது. கம்பி வழியே போகும் வேகத்தை நிர்ணயிப்பது கிரிஸ்டல். அது ஹெர்ட்ஸில் துடிக்கிறது, கிலோஹெர்ட்ஸ் என்றால் ஆயிரம்தான். ஃப்ளாப்பி கன்ட்ரோலரின் 500 கிலோபிட் சரியாக 5,00,000. ஈதர்நெட்டின் 10 மெகாபிட் சரியாக ஒரு கோடி. 56 கே மோடம் 56,000. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏமாற்று வேலைதான் வேண்டும் என்றால் ஃப்ளாப்பியைப் பாருங்கள். 2 பக்கம் × 80 ட்ராக் (வட்டப் பாதை) × 18 செக்டர் (பாதையின் துண்டு) × 512 = 14,74,560 பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47. 1,024-ஐ இரண்டு முறை போட்டு வகுத்தால் 1.41. பெட்டிமேல் போட்டிருக்கும் 1.44 எப்படி வரும்? ஒரு முறை 1,024, ஒரு முறை 1,000. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மெகாபைட் அது.

1998-இல் ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்பு 1,024-க்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர் வைத்தது. கடையில் கேட்டால் யாருக்கும் தெரியாது, அது வேறு கதை.

லைன்மேன்_ரிடையர்டு | சனி, காலை 6:20

காலை வணக்கம் நண்பர்களே. நான் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் காலம் தள்ளியவன். 1,024 தம்பிக்கு ஒரு கேள்வி. எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் ஈ-1 லைனின் வேகம் வினாடிக்கு 20,48,000 பிட். 2,048 என்று தெரிந்ததும் "பார்த்தீங்களா, ரெண்டின் அடுக்கு" என்று குதிப்பீர்கள். ஆனால் அது 32 சேனல் × 64,000. அந்த 64,000 என்பது குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து ஒவ்வொன்றுக்கும் 8 பிட் கொடுப்பது. முழுக்க முழுக்க ஆயிரக் கணக்கு, தற்செயலாக 2,048 மாதிரி வந்து நிற்கிறது. அமெரிக்காவின் டி-1-ஐப் பாருங்கள்: 24 × 64,000, அதோடு ஒழுங்குக்கு ஒரு 8,000, மொத்தம் 15,44,000. இதில் எந்த அடுக்கும் இல்லை.

56 கே-வும் இதே வீட்டுப் பிள்ளைதான். 8,000 × 7 பிட் = 56,000.

செல்வி அம்மா சொன்ன பத்தால் வகுக்கும் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. மோடம் வைத்திருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். 28,800 மோடத்தில் நல்ல லைனில் வினாடிக்கு 3,300 பைட்டுக்கும் மேலே ஜிப் கோப்பு இறங்கும். பத்தால் வகுத்தால் 2,880-தானே வர வேண்டும்? காரணம், கம்ப்யூட்டரிலிருந்து மோடம் வரைதான் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் எல்லாம். வி.42 பிழைதிருத்தம் ஓடும் மோடம் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் பைட்டுகளைக் கட்டுக்கட்டாக அனுப்பும், மறுமுனை மோடம் திரும்பச் சேர்த்துக் கொடுக்கும். ஆக ஒரே இணைப்பில் மேசைமேல் இருக்கும் கேபிளுக்குப் பத்தால் வகுக்க வேண்டும், தெருவில் போகும் கம்பிக்கு எட்டால் வகுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் "1,15,200-இல் இணைந்தது" என்று விண்டோஸ் காட்டியதை நம்பி, எங்கள் லைனை மெச்சியவர்கள் எத்தனை பேர்! அது லைன் வேகமே இல்லை. போர்ட்டுக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம்.

1024_தான் | சனி, காலை 9:02

சரி, லைனுக்கு ஆயிரம்னே வெச்சுக்குவோம். ஆனா டவுன்லோட் விண்டோல காட்டுன "கேபி"? அது 1,024 தானே?

ஏட்டுச்சுரைக்காய் | சனி, காலை 9:15

பெரும்பாலான நிரல்களில் ஆமாம். கம்பிக்கு ஆயிரம், கோப்புக்கு 1,024. இரண்டையும் ஒரே "கே" என்று எழுதியதுதான் இந்த இழைக்கே காரணம். ஆகவே பைட்டுக்கு இறக்கி, முழு எண்ணாகவே எழுதுங்கள். கணக்குப்பிள்ளை ஆரம்பத்திலேயே "6 கோடி பைட்" என்று சொன்னார் பாருங்கள், அதுதான் ஒழுங்கு.

கணக்குப்பிள்ளை | சனி, காலை 11:40

பெயருக்கேற்ற புத்தி. :) சிப் பார்த்தேன், 16550 என்றுதான் காட்டுகிறது. சரி, ஃப்ளாப்பியில் என்ன தப்பு? அங்கே ஸ்டார்ட் பிட்டெல்லாம் கிடையாதே. எட்டால்தானே வகுக்க வேண்டும்?

சீரியல்_செல்வி | சனி, மதியம் 12:25

எட்டால்தான். ஆனால் வகுத்து வந்த 62,500-இல் கோப்பு மட்டும் இல்லை.

தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, வினாடிக்கு ஐந்து. வினாடிக்கு 5,00,000 பிட் என்றால் ஒரு சுற்றுக்கு 1,00,000 பிட், அதாவது 12,500 பைட் இடம். அதில் நமக்குக் கிடைப்பது 18 × 512 = 9,216. மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் எங்கே போனது? ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் "நான் இத்தனையாவது ட்ராக், இத்தனையாவது செக்டர்" என்று ஒரு தலைப்பு, பிழை கண்டுபிடிக்கும் எண், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம் வீண் அல்ல. வேறொரு ட்ரைவில் வேகம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், எழுதும்போது பக்கத்துச் செக்டரை மிதிக்காமல் இருக்க அது வேண்டும்.

ஆக 9,216 × 5 = 46,080 பைட். இதுதான் உச்சம். முழு டிஸ்கையும் படிக்க 160 சுற்று, 32 வினாடி.

அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஹெட் அடுத்த சிலிண்டருக்கு (இரு பக்கத்திலும் நேர்நேரான ட்ராக் ஜோடி) நகர்ந்து நிலைகொள்வதற்குள் முதல் செக்டர் கடந்து போயிருக்கும். அது மறுபடி வரும்வரை ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். இரண்டு சுற்றில் முடிய வேண்டிய சிலிண்டருக்கு மூன்று சுற்று. 80 × 3 × 0.2 = 48 வினாடி. டாஸில் ஒரு டிஸ்க் காப்பி அடிக்க ஏன் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று இப்போது புரியும்.

எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. பழைய 5¼ அங்குல 1.2 எம்பி ட்ரைவ் நிமிடத்துக்கு 360 சுற்று, ட்ராக்குக்கு 15 செக்டர். 15 × 512 × 6 எவ்வளவு? அதே 46,080. சுற்று கூடியது, செக்டர் குறைந்தது, கோப்புக்குக் கிடைக்கும் வேகம் பைட் பிசகாமல் ஒன்று. ஆனால் அந்த ட்ரைவில் 360 கேபி டிஸ்கைப் போட்டால் கன்ட்ரோலர் 300 கிலோபிட்டுக்கு மாற வேண்டும். 250-க்கு எழுதிய டிஸ்க் 300 சுற்றுக்குப் பதில் 360 சுற்றில் ஓடுகிறதல்லவா, 250 × 6 ÷ 5. அந்த 300 கிலோபிட் எதற்கென்று தெரியாமல் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

உங்கள் வேலைக்கு: ஃபார்மேட் செய்த ஃப்ளாப்பியில் கோப்புக்கு மிஞ்சுவது 14,57,664 பைட். 6 கோடிக்கு 42 டிஸ்க். எழுத ஒரு தடவை, அந்தப் பக்கம் படிக்க ஒரு தடவை. 42 நல்ல ஃப்ளாப்பி இன்று கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள்.

தேம்ஸ்கரை_யாழ்ப்பாணத்தான் | சனி, மாலை 5:10

நல்லாப் போகுது இழை. நான் லண்டனில, சின்ன வயசில எங்கட வீட்டில ஸ்பெக்ட்ரம் எண்ட கம்ப்யூட்டர் இருந்தது, கேசட்டிலதான் எல்லாம். அதின்ர வேகத்தை ஒரு எண்ணாச் சொல்லவே ஏலாது கண்டியளோ. 3.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில சைபர் பிட்டுக்கு 1,710 துடிப்பு, ஒண்டு பிட்டுக்கு அதின்ர இரட்டிப்பு, 3,420. அப்ப எல்லாம் சைபரா இருந்தா வினாடிக்கு 2,047 பிட், எல்லாம் ஒண்டா இருந்தா 1,023. பாதிக்குப் பாதி எண்டா 1,365 அளவில வரும். 48 கே முழுக்க ஏத்த ஐஞ்சு நிமிசத்துக்குக் கிட்ட. சைபர் கூடின படம் ஒண்டு கூடின படத்தைவிட கெதியா ஏறும். வேகம் தரவைப் பொறுத்தது எண்டால் எதால வகுக்கிறது?

ஏட்டுச்சுரைக்காய் | சனி, மாலை 6:00

அருமை. வகுக்கவே முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

விட்டுப்போன 4எக்ஸ்-க்கு வருகிறேன். ஒரு எக்ஸ் என்பது பாட்டு சிடி ஓடும் வேகம். 44,100 மாதிரி × 2 பைட் × 2 சேனல் = 1,76,400 பைட். ஆனால் தரவு சிடிக்கு ஒரு எக்ஸ் 1,53,600. ஏன் குறைந்தது? இரண்டிலும் வினாடிக்கு 75 செக்டர்தான், செக்டருக்கு 2,352 பைட்தான். பாட்டில் ஒரு பைட் கெட்டால் பக்கத்து ஒலியை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கணக்குப் புத்தகத்தில் அப்படி முடியாது. அதனால் தரவில் 304 பைட்டை அடையாளத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் ஒதுக்கி, 2,048 மட்டும் நமக்குத் தருகிறார்கள். 75 × 2,048 = 1,53,600. 1,024-ஆல் வகுத்தால் முழுசாக 150. (1,024 தம்பி, இங்கே உங்கள் கட்சி ஜெயித்தது.)

ஆக 4எக்ஸ் = 6,14,400 பைட். படிக்க மட்டும் என்பதால் உங்கள் வேலைக்கு உதவாது.

"52எக்ஸ்" என்று பின்னால் வந்ததெல்லாம் ஓரத்து வேகம். தட்டு ஒரே சுழற்சியில் ஓடும்போது உள்வட்டம் 25 மில்லிமீட்டர் ஆரம், வெளிவட்டம் 58. உள்ளே 22எக்ஸ் சுமார்தான். சிடி உள்ளிருந்துதான் ஆரம்பிக்கும் என்பதால், பாதி நிரம்பிய சிடி அந்த 52-ஐ எட்டிப் பார்க்காமலே முடிந்துவிடும். டிவிடியின் ஒரு எக்ஸ் வேறு, 13,85,000 பைட். சிடியைப் போல ஒன்பது மடங்கு. 16எக்ஸ் டிவிடியையும் 52எக்ஸ் சிடியையும் பக்கத்தில் வைத்து 52 பெரிது என்று வாங்கியவர்கள் உண்டு.

பழைய_சரக்கு | சனி, இரவு 8:45

நமக்கு கடை யாவாரம். என்கிட்ட தினம் கேக்கற கேள்வி: சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) 1.5 கிகாபிட்னா 187 எம்பி வரணும், ஏன் 150-னு போட்டிருக்கு? அங்கயும் செல்விக்கா சொன்ன பத்துதான். 8 பிட்டை 10 பிட்டா மாத்தி அனுப்புது, கம்பில ஓடற பத்தையும் எண்ணி பெட்டில போட்டுட்டான். ஆனா லேன்ல அப்படி இல்ல. 100 மெகாபிட் லேன் கம்பில 125 ஓடுது, பெட்டில 100-னு குறைச்சுத்தான் போட்டிருக்கான். நியாயஸ்தன்.

அப்புறம் 133 குழப்பம். பிசிஐ (கார்டு சொருகற ஸ்லாட்) 133-உம் ஹார்ட் டிஸ்க் யுடிஎம்ஏ 133-உம் ஒண்ணில்ல. பிசிஐ-ல 33 மெகாஹெர்ட்ஸ் × 4 பைட், அதை எல்லா கார்டும் பங்கு போட்டுக்கணும். டிஸ்க்ல 133-ங்கறது கேபிளோட உச்சம், தட்டு அவ்வளவு தராது. 80 கம்பி கேபிள் போடாம 40 கம்பி போட்டா 33-க்கு மேல ஏறவே ஏறாது.

கணக்குப்பிள்ளை சார், டிஸ்க்கை கழட்டி யூஎஸ்பி அடாப்டர்ல மாட்டலாம்னு யாராவது சொன்னா யோசிங்க. அந்த அடாப்டர் பெரும்பாலும் எல்பிஏ முறை (செக்டருக்கு வரிசை எண் போடறது) தெரிஞ்ச டிஸ்க்கைத்தான் பேசும். 486 கால டிஸ்க் சிலிண்டர், ஹெட், செக்டர் மட்டும் தெரிஞ்சதா இருந்தா கண்டுக்காது. ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு) சாக்கெட் உள்ள பழைய போர்டு இருந்தா அதுல மாட்டுங்க.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 3:30

எல்லோருக்கும் நன்றி. முனகும் டிஸ்கைக் கழற்ற மனசு வரவில்லை. சீரியலில் பத்து லட்சம் பைட் கோப்பு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். செல்வி அக்கா கணக்குப்படி 87 வினாடி, நெறிமுறையின் சில்லறைச் செலவு போக சரியாகத்தான் இருக்கிறது.

பாரலல் கேபிள் வழி இன்டர்லிங்க் (இரண்டு கம்ப்யூட்டரை இணைக்கும் டாஸ் நிரல்) போட்டால்?

சீரியல்_செல்வி | ஞாயிறு, மாலை 4:05

அதில் பைட்டை நாலு நாலு பிட்டாகப் பிரித்து, பிரிண்டர் நிலை சொல்லும் கம்பிகளில் திருப்பி அனுப்புவார்கள். வினாடிக்கு 50,000 பைட் கிடைத்தால் 20 நிமிடத்தில் முடியும். கேபிள்தான் தனியாகக் கிடைக்க வேண்டும். சாதாரணப் பிரிண்டர் கேபிள் ஆகாது. லேன் கார்டு கைக்கு வந்துவிட்டால் அதையே போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10:50

கார்டு வந்தது, என்இ2000 வகை. முதலில் உயிரே வரவில்லை. ஐஆர்க்யூ (சிபியுவைக் கூப்பிடும் கம்பி) 3-இல் உட்கார்ந்து இரண்டாவது சீரியல் போர்ட்டோடு மோதிக்கொண்டிருந்தது. 10-க்கு மாற்றினேன், பாக்கெட் டிரைவர் ஏறியது. எம்டிசிபி (டாஸுக்கான நெட்வொர்க் நிரல்கள்) தொகுப்பில் உள்ள எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நிரல்) ஓடுகிறது. ஆனால் வினாடிக்கு 3 லட்சம் பைட்தான் வருகிறது. லேன் நியாயஸ்தன் என்றார்களே, 12,50,000 எங்கே?

சீரியல்_செல்வி | செவ்வாய், இரவு 11:15

லேன் மேல் பழி இல்லை. 1,460 பைட் கோப்புத் துண்டு ஒன்று போக, தலைப்புகளும் இடைவெளியும் சேர்த்து கம்பியில் 1,538 பைட் நேரம் ஆகும். அந்தச் செலவு போனாலும் 11,86,000 பைட் கம்பி தரும்.

உங்கள் பெட்டியில் வேலை செய்வது ஒரே ஒரு ஆள், 486. டிஸ்கிலிருந்து இரண்டிரண்டு பைட்டாகப் போர்ட் வழியே எடுப்பதும் அதுதான். எடுத்ததை என்இ2000-க்குள் இரண்டிரண்டு பைட்டாகத் திணிப்பதும் அதுதான். டாஸில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. டிஸ்க் படிக்கும்போது லேன் சும்மா நிற்கும், லேன் அனுப்பும்போது டிஸ்க் சும்மா சுற்றும். ரேம்டிரைவில் (நினைவகத்தையே டிஸ்க் போல ஆக்குவது) ஒரு கோப்பை வைத்து அங்கிருந்து அனுப்பிப் பாருங்கள், வேகம் ஏறும். ஏறிய அளவுதான் டிஸ்க் தின்ற நேரம்.

ஆனால் அதற்காக மெனக்கெட வேண்டாம். 3 லட்சத்திலேயே 200 வினாடிதான். முதலில் எடுத்துவிடுங்கள். பைனரி முறையில் அனுப்பினீர்களா? ஆஸ்கி முறை என்றால் ஃபாக்ஸ்ப்ரோ கோப்பு நாசம்.

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:20

பைனரிதான் அக்கா. சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் 200 வினாடி எட்டு நிமிடம் ஆனது. எல்லாம் இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஜிப்பாகக் கட்டி இரண்டு பக்கமும் சோதித்தேன், சிஆர்சி (சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறது. ஃபாக்ஸ்ப்ரோ கணக்குகள் திறக்கின்றன. கோத்த பக்கங்களைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூடப் படிக்க முடியவில்லை, அந்தக் காலத்து எழுத்துரு என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தனி இழை போடுகிறேன்.